டைல்ஸ் ஒட்டும் வேலைக்குச் சதுர அடிக் கூலியை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி – காரிமங்கலம் டைல்ஸ் பணியாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பகுதியில் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறேன். ஒன்பது ஆண்டுகள் ஒரு மேஸ்திரியிடம் தினக்கூலிக்கு வேலை பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு முதல் சொந்தமாக வேலை எடுத்து வருகிறேன். கைவேலையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. கூலி பேசுவதில்தான் தடுமாறுகிறேன்.

அண்மையில் முடித்த ஒரு வீட்டின் கணக்கை அப்படியே கீழே தருகிறேன். ஹாலும் அறைகளும் சேர்ந்து தரை 900 சதுர அடி. இரண்டு குளியலறைகளின் சுவரும் தரையும் சேர்ந்து 410 சதுர அடி. சமையலறைச் சுவர் 60 சதுர அடி. சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் பட்டையான ஸ்கர்ட்டிங் 180 ரன்னிங் அடி, அதாவது நீள அளவில் 180 அடி. நான்கு அங்குல உயரம் என்பதால் அதையும் 60 சதுர அடியாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஆக மொத்தம் 1,430 சதுர அடி. பொருள் எல்லாம் வீட்டுக்காரருடையது, எனக்குக் கூலி மட்டும், எல்லாவற்றுக்கும் ஒரே விலையாகச் சதுர அடிக்கு 24 ரூபாய் என்று பேசியிருந்தோம். 34,320 ரூபாய் கிடைத்தது.

நானும் ஓர் உதவியாளுமாகச் செய்த அந்த வேலைக்கு 22 நாட்கள் பிடித்தன. தரைக்கு 9 நாள், குளியலறைகளுக்கு 9 நாள், சமையலறைச் சுவருக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் சேர்த்து 3 நாள், ஓடுகளுக்கு இடையிலுள்ள ஜாயின்ட் இடைவெளியை அடைத்துத் துடைத்துக் கொடுக்க 1 நாள். உதவியாளுக்கு நாளொன்றுக்கு 750 ரூபாய் வீதம் 16,500 ரூபாய் கொடுத்தேன். பெட்ரோலுக்கு 1,320 ரூபாய் ஆனது. கட்டிங் மெஷின் பிளேடுக்கும், நடுவில் கெட்டுப்போன கிரைண்டரைச் சரிசெய்வதற்கும் 1,500 ரூபாய் ஆனது. மீதி 15,000 ரூபாயை 22 ஆல் வகுத்தால் எனக்கு நாளொன்றுக்கு 682 ரூபாய்தான் வருகிறது. மேஸ்திரியிடம் வேலை பார்த்தபோது 1,100 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவன், இப்போது என் உதவியாளைவிடக் குறைவாக வாங்கியிருக்கிறேன் என்பதை அன்று இரவு கணக்குப் போட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

விலை குறைவாகப் பேசிவிட்டேனா, வேலையில் மெதுவாக இருக்கிறேனா, கணக்கிடும் முறையே தவறா என்று எனக்குத் தெரியவில்லை. சதுர அடிக்கு 30 ரூபாய் என்று கேட்டால், "எல்லோரும் 24 ரூபாய்க்குத்தானே செய்கிறார்கள்" என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 – கிருஷ்ணகிரி மேஸ்திரி

தம்பி, நீங்கள் நாள்வாரியாகக் குறித்து வைத்திருப்பதே பெரிய காரியம். நம் தொழிலில் பலர் பத்து வீடு முடித்த பிறகும் எந்த அறைக்கு எத்தனை நாள் ஆனது என்று சொல்லத் தெரியாமல் இருக்கிறார்கள். குறித்து வைத்திருப்பதால், நஷ்டம் எந்த இடத்தில் நேர்ந்தது என்பதை உங்கள் எண்களைக் கொண்டே காட்ட முடிகிறது.

தரையை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். 900 சதுர அடிக்கு 24 ரூபாய் என்றால் 21,600 ரூபாய். அதற்கு ஆனது 9 நாள். அதாவது நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நாளில் ஈட்டியது 2,400 ரூபாய். இது மோசமான விலை அன்று. குளியலறையில் 410 சதுர அடிக்கு 9,840 ரூபாய். அதற்கும் அதே 9 நாள்தான். ஒரு நாளைக்கு 1,093 ரூபாய் வருகிறது. உதவியாளின் 750 ரூபாய் போனால் உங்களுக்கு மிஞ்சுவது 343 ரூபாய், அதிலும் பெட்ரோல் செலவைக் கழிக்க வேண்டும். சமையலறைச் சுவரும் ஸ்கர்ட்டிங்கும் சேர்ந்து 2,880 ரூபாய்க்கு மூன்று நாள் என்பதால் அங்கே நிலைமை இன்னும் கீழே. ஜாயின்ட் அடைத்த நாளுக்குத் தனியாக எதுவுமே இல்லை. ஆகவே 24 ரூபாய் என்பது தரைக்குச் சரியான விலைதான். அதையே நான்கு மூலையும் வெட்டும் குழாய்த் துளையும் உள்ள குளியலறைக்கும் ஒப்புக்கொண்டதில்தான் உங்கள் உழைப்பு கரைந்திருக்கிறது.

என்னுடைய முறையைச் சொல்கிறேன். முதலில் பேச வேண்டியது சதுர அடி விலை அன்று, உங்களுடைய ஒரு நாளின் விலை. ஆண்டில் 365 நாள் இருந்தாலும் கூலி வரும் நாட்கள் எத்தனை என்று பாருங்கள். ஞாயிறு 52 போனால் 313. பண்டிகை, உறவினர் வீட்டு விசேஷம், காய்ச்சல் என்று ஓர் இருபது நாள் போகும். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் புதுமனை புகுவிழா வைப்பதில்லை என்பதால், அதற்கு முந்தைய வாரங்களில் இரவு பகலாக அவசரப்படுத்துவார்கள், பிறகு திடீரென்று வேலை ஓய்ந்துவிடும். டைல்ஸ் வந்து சேரவில்லை, எம்-சாண்ட் வரவில்லை, பிளம்பர் இன்னும் குழாய் வேலையை முடிக்கவில்லை என்று காத்திருக்கும் நாட்கள் உண்டு. அளவெடுக்கவும் விலை சொல்லவும் போய்விட்டு, வேலை கிடைக்காமல் திரும்பும் நாட்களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் என் அனுபவத்தில் அறுபது நாளுக்கு மேல் போகிறது. ஆகவே 230 நாளை வைத்துத்தான் நான் கணக்குப் போடுகிறேன்.

உங்கள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கருவி, பிளேடு, பழுது, வண்டி, பெட்ரோல், போன், விபத்துக் காப்பீடு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். மொத்தம் 3,00,000 ரூபாயை 230 ஆல் வகுத்தால் 1,304 ரூபாய். உதவியாளின் 750 ரூபாயைச் சேர்த்தால் 2,054 ரூபாய். இதன்மேல் பத்து சதவீதம் சேர்த்து 2,260 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து சதவீதத்தைப் பேராசை என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். மத்தியப் பொதுப்பணித் துறை தன்னுடைய விலைப் பகுப்பாய்வில் ஒப்பந்ததாரரின் லாபத்துக்கும் மேல்செலவுக்குமாக 15 சதவீதம் சேர்த்தே விலை கட்டுகிறது. உங்கள் மேல்செலவை ஏற்கெனவே தனியாகச் சேர்த்துவிட்டதால் பத்து போதும். ஓர் ஓடு உடைந்தாலும், ஒட்டியதைப் பெயர்த்து மறுபடி ஒட்ட வேண்டி வந்தாலும் அதிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும்.

இனி இந்த 2,260 ரூபாயை உங்கள் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 100 சதுர அடி தரை ஒட்டினால் விலை 22 ரூபாய் 60 காசு. குளியலறையில் சுமார் 45 சதுர அடி என்றால் ஏறத்தாழ 50 ரூபாய். அந்த வீட்டின் 22 நாளுக்கும் சேர்த்தால் 49,720 ரூபாய் வந்திருக்க வேண்டும். 15,400 ரூபாய் குறைவாக வாங்கியிருக்கிறீர்கள். தரையின் விலையை ஒரு ரூபாய்கூட உயர்த்தாமல் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியும் என்பதைக் கவனியுங்கள்.

வேகத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டாள் சேர்ந்து தரையில் 100 சதுர அடி என்பது நல்ல வேகம். குளியலறையில் 45 என்பதும் தவறன்று, ஏனென்றால் அங்கே வாட்டம் சரியாக வர வேண்டும், சுவரின் ஜாயின்ட்டும் தரையின் ஜாயின்ட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், குழாய்த் துளை ஒவ்வொன்றையும் உடையாமல் எடுக்க வேண்டும். வாட்டம் தவறினால் தண்ணீர் மூலையில் தேங்கும். பிறகு ஆயுளுக்கும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அங்கே வேகத்தைக் கூட்டி விலையைக் குறைக்க நினைக்க வேண்டாம்.

பதில் 2 – ஓசூர் டைல்ஸ் ஒப்பந்ததாரர்

மேலே எழுதிய அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஓடு பெரிதாகும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

ஓசூர்ப் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் நான்கு அடிக்கு இரண்டு அடி ஓடுதான் அதிகம் கேட்கிறார்கள். ஓடு பெரிதாக இருந்தால் சீக்கிரம் முடியும், ஆகவே கூலி குறைய வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. சிறிய ஓட்டில் மறைந்துவிடும் தரையின் மேடுபள்ளம் பெரிய ஓட்டில் அப்படியே தெரியும், தூக்கி வைக்கவே இரண்டு பேர் வேண்டும், ஒன்று உடைந்தால் எட்டு சதுர அடி போய்விடும். விட்ரிஃபைடு ஓடு அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது என்பதால், சுவரில் வெறும் பால் சிமெண்டை, அதாவது தண்ணீரில் கரைத்த சிமெண்டை நம்பி ஒட்டினால் பிடிப்பதில்லை. அதற்கு ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரநிலைக்கு உட்பட்ட பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பசையைச் சுவரில் மட்டுமல்லாமல் ஓட்டின் முதுகிலும் பூச வேண்டும். இல்லையென்றால் தட்டிப் பார்க்கும்போது உள்ளே வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். மட்டம் பிடிக்கும் கிளிப்புகளை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அவற்றை யார் வாங்கித் தருவது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். நான் ஒரு வீட்டில் பேசாமல் விட்டு, கிளிப்புக்கே என் கையிலிருந்து கணிசமாகச் செலவழித்திருக்கிறேன்.

வெளி மூலைகளில் இரண்டு ஓட்டையும் 45 டிகிரியில் சீவிச் சேர்க்கச் சொன்னால் அதைச் சதுர அடியில் சேர்க்கக் கூடாது. ரன்னிங் அடிக் கணக்கில் தனியாகக் கேட்க வேண்டும். படிக்கட்டின் முன்விளிம்பான நோசிங்குக்கும், சமையல் மேடையின் கிரானைட் விளிம்பைத் தேய்த்துப் பாலிஷ் போடுவதற்கும் இதே முறைதான். எபாக்ஸி என்ற பிசின் கலவை கொண்டு ஜாயின்ட் அடைப்பதும் தனி வேலை. அது இறுகுவதற்குள் துடைத்து முடிக்க வேண்டும் என்பதால் ஒரு நாளில் அடைக்கக்கூடிய பரப்பு மிகவும் குறைவு.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன். ஓட்டையும் கிரானைட்டையும் உலர வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது பல ஆண்டுகள் நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும், வந்த பிறகு அதை நீக்க மருந்து இல்லை. தண்ணீர் விட்டு வெட்டினால் நேரம் கூடும், இடம் சேறாகும், நல்ல முகக்கவசத்துக்கும் காசு ஆகும். அந்த நேரத்தையும் காசையும் உங்கள் நாள் விலையில் சேர்த்துவிடுங்கள். விலை போதவில்லை என்ற காரணத்தால்தான் நம் பிள்ளைகள் துண்டைக் கட்டிக்கொண்டு உலர வெட்டுகிறார்கள்.

பதில் 3 – தருமபுரி வீட்டு உரிமையாளர்

நான் தொழிலாளி அல்லன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டியவன் என்ற முறையில், கூலி கொடுப்பவரின் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

எங்களுக்குக் கூலி அதிகம் என்பதைவிட, சொன்ன கூலி நடுவில் மாறுகிறது என்பதுதான் பெரிய வருத்தம். என் வீட்டில் வேலை எடுத்தவர் சதுர அடிக்கு ஒரே விலை சொன்னார். நானும் அதை நம்பிப் பணத்தை ஏற்பாடு செய்தேன். பாதி வேலையில் ஸ்கர்ட்டிங் தனி, படி தனி, மூலை சீவுவது தனி என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துப் பத்திரிகையும் கொடுத்துவிட்ட நிலையில் எங்களால் மறுக்க முடியவில்லை. அவர் கேட்டது நியாயமான தொகையாகக்கூட இருந்திருக்கலாம் என்பது இங்கே உள்ள கணக்கைப் படித்த பிறகு புரிகிறது. ஆனால் அதே தொகையை முதல் நாளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் மனக்கசப்பு இல்லாமல் கொடுத்திருப்பேன்.

அளவெடுப்பதிலும் ஒரு சிக்கல் வந்தது. பெட்டியை எண்ணிக் கணக்குப் போட்டார்கள். இரண்டுக்கு இரண்டு என்று நாம் சொல்லும் ஓடு உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு ஓடு கொண்ட ஒரு பெட்டியை 16 சதுர அடி என்று வாய்வழக்கில் சொல்கிறோம், ஆனால் அது 15.5 சதுர அடிதான். 56 பெட்டி என்றால் வாய்க் கணக்கில் 896 சதுர அடி, உண்மையில் 868 சதுர அடி. இதில் வெட்டுக்கழிவாகக் குப்பைக்குப் போன துண்டுகளும் அடக்கம். ஆகவே பெட்டியை வைத்துக் கூலி கேட்காமல், ஒட்டி முடித்த பரப்பை இருவரும் சேர்ந்து டேப் பிடித்து அளப்பதுதான் இரு தரப்புக்கும் நல்லது. கட்டட வேலைகளை அளக்கும் முறைக்கென்றே ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. தரைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் அதில் ஒரு தனிப் பகுதியே உண்டு என்று என் உறவினரான பொறியாளர் காட்டினார்.

அறைவாரியாக விலையைப் பிரித்து எழுதிக் கொடுப்பவரிடம், அவர் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும், வேலையைக் கொடுக்க என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம் என்பதைக் கேள்வி கேட்ட தம்பிக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

மறுமொழி – காரிமங்கலம் டைல்ஸ் பணியாளர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தரையில் நஷ்டம் இல்லை, குளியலறையில்தான் நஷ்டம் என்பது என் கண்ணில் படவே இல்லை. மொத்தத்தை மொத்தத்தால் வகுத்துவிட்டு வருந்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. குளியலறைக்கு 50 ரூபாய் என்று எழுதினால், அந்த எண்ணைப் பார்த்த உடனேயே வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்களோ என்று அஞ்சுகிறேன். இதைவிடத் தினக்கூலிக்கே வேலை செய்தால் என்ன? அடுத்து, டைல்ஸ் கடைகள் வழியாக வரும் வேலைகளில், ஆள் காட்டியதற்காகக் கடைக்காரர் ஒரு பங்கு எதிர்பார்க்கிறார். அதை எங்கே சேர்ப்பது?

பதில் 4 – கிருஷ்ணகிரி மேஸ்திரி

தம்பி, தினக்கூலியில் வீட்டுக்காரருக்கு எப்போதும் ஒரு பயம் இருக்கும், வேலையை இழுத்தடிக்கிறார்களோ என்று. நீங்கள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாலும் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் பழைய வீட்டில் ஓட்டைப் பெயர்த்து எடுப்பது போல, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத வேலைக்கு மட்டும் தினக்கூலி பேசுங்கள். புது வேலைக்கு அளவுக் கூலிதான் ஏற்றது.

50 ரூபாய் என்ற எண் பயமுறுத்தும் என்பது உண்மைதான். குளியலறையை நான் சதுர அடியில் எழுதுவதே இல்லை. "ஏழு அடி உயரம் வரை சுவர், தரை, வாட்டம், குழாய்த் துளைகள், ஜாயின்ட் அடைத்தல் உட்பட ஒரு குளியலறைக்கு இவ்வளவு" என்று முழுத் தொகையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கணக்குப்படி ஒரு குளியலறைக்கு 205 சதுர அடி, 10,250 ரூபாய். என்னென்ன வேலை அதில் அடங்கும் என்று படித்துப் பார்த்துவிட்டுத் தொகையைப் பார்க்கும்போது வீட்டுக்காரருக்கு நியாயம் புரிகிறது. அதற்குக் கீழே, சுவர் பூச்சு மட்டம் தவறியிருந்தால் அதைச் சரிசெய்யும் நாட்களுக்குத் தனிக் கூலி என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டத்தையும், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையும் வைத்து முதல் நாளே வீட்டுக்காரரின் கண்முன்னால் சரிபார்த்துக் காட்டுங்கள். கொத்தனாரின் பிழைக்கு டைல்ஸ்காரன் நாள் கணக்கில் உழைத்துத் தருவது நம் ஊரில் காலம்காலமாக நடக்கும் அநியாயம்.

கடைக்காரரின் பங்கைப் பற்றி என் கருத்து கடுமையானது. அதைக் கூலியில் மறைத்து ஏற்றினால் வீட்டுக்காரரை ஏமாற்றுகிறோம், ஏற்றாமல் கொடுத்தால் நம் குடும்பத்தை ஏமாற்றுகிறோம். நான் கொடுப்பதில்லை. அதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயின. ஆனால் முடித்த வீட்டுக்காரர்களே அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். தொடக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இது எளிதன்று என்பதையும் அறிவேன். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், வேலை தேடி அலையும் நாட்கள் எத்தனை குறைகின்றன என்று பார்த்து, அந்த அளவுக்குள் மட்டும் கொடுங்கள்.

பணத்தை வேலையின் கட்டங்களுக்கு ஏற்ப வாங்குங்கள். தொடங்கும்போது ஒரு பகுதி, தரை முடிந்ததும் ஒரு பகுதி, குளியலறைகள் முடிந்ததும் ஒரு பகுதி, ஜாயின்ட் அடைத்துத் துடைத்துக் கொடுத்த அன்று மீதி. விழா முடியட்டும் தருகிறேன் என்ற வார்த்தையை நம்பி நான் இழந்த தொகை கொஞ்சமன்று. மேலும், தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994இலிருந்தே இருக்கிறது. நீங்களும் உங்கள் உதவியாளும் பதிவு செய்யவில்லையென்றால் இந்த மாதமே பதிவு செய்துவிடுங்கள். விபத்து என்று வந்தால் குடும்பத்துக்கு உதவி கிடைக்கும்.

மறுமொழி – காரிமங்கலம் டைல்ஸ் பணியாளர்

வணக்கம். பாலக்கோட்டில் ஒரு வீட்டுக்கு நேற்று விலை எழுதிக் கொடுத்தேன். தரைக்குச் சதுர அடி 23 ரூபாய், ஒரு குளியலறைக்கு முழுத் தொகை, ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடிக் கணக்கில், சுவர் மட்டத்தைச் சரிசெய்வதற்கு நாள் கூலி, ஒட்டிய பரப்பை இருவரும் சேர்ந்து அளப்பது, பணம் நான்கு கட்டமாக என்று இரண்டு தாளில் எழுதினேன். வீட்டுக்காரர் இரு முறை படித்துவிட்டு, தரை விலை மற்றவர்கள் சொன்னதைவிடக் குறைவாக இருக்கிறதே என்று வியந்தார். குளியலறைத் தொகையில் ஒன்றுக்கு 500 ரூபாய் குறைக்கக் கேட்டார். சுவர் மட்டமாக இருந்தால் குறைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரசமட்டத்தோடு வரச் சொன்னார்.